விடுபட்ட ஒரு ஈ

பழிவாங்கக் கூடாது என்று எனக்குச் சொல்லாதவர் இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரில் இல்லை. கோயிலில் சொன்னார்கள். பாடசாலையில் சமயம் படிப்பித்த பாதிரியார் சொன்னார். அம்மா இன்றும் சொல்கிறார். நான் ஒரு மனிதரைப் பழிவாங்கினேன், அதுவும் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால். எப்போது நினைத்தாலும் வருத்தம் வருவதில்லை. சிரிப்புத்தான் வருகிறது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்மாடியில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அப்பாவுக்கு சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டங்களில் வேலை. அம்மா இரண்டு இத்தாலியச் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் துப்புரவு வேலை செய்தார். எங்கள் பகுதித் தேவாலயத்தோடு ஒட்டி ஒரு சிறுவர் மன்றம் இருந்தது. அங்கே ஒரு பாண்ட் பழக்கினார்கள். நான் சேர்ந்த அன்று பெண்பிள்ளைகளுக்கெல்லாம் புல்லாங்குழல் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது குழல்கள் முடிந்துவிட்டன. மேளம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் பாதி இப்படி மிச்சமாய்க் கிடைத்தவைதான்.

பாண்ட் பழக்கிய மாயெஸ்த்ரோதான் வடக்கே இருக்கும் டிரம் கோர் பற்றி எனக்குச் சொன்னவர். மேளமும் எக்காளமும் கொடியுமாக நூற்றுக்கு மேற்பட்ட இளம்பிள்ளைகள் சேர்ந்த அணி அது. கோடை முழுவதும் மைதானம் மைதானமாகப் போய், நடந்தபடியும் ஓடியபடியும் வாசிப்பார்கள். வாசித்தபடியே வட்டமாவார்கள், நட்சத்திரமாவார்கள், கலைந்து போவார்கள். ஒருத்தி கால் பிசகினால் முழுப் படமும் கெட்டுவிடும். நான் அடிப்பதை அவர் கைபேசியில் பிடித்து அனுப்பினார். தை மாதம் பதில் வந்தது. என்னை எடுத்துவிட்டார்கள்.

அப்பா முதலில் சம்பளம் தருவார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். இல்லை, நாங்கள்தான் அவர்களுக்குக் கட்டவேண்டும் என்றேன். சாப்பாடு, படுக்க இடம், பஸ், உடுப்பு, சப்பாத்து எல்லாம் சேர்த்து அம்மாவின் மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு வந்தது.

“வேலையும் செய்து காசும் குடுக்கிறதோ?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

காசை மூன்று தவணையில் கட்டலாம். கடைசித் தவணை வைகாசி முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் என் இடத்தைக் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருக்கவும் முடியாது, ஏனென்றால் ஒருமுறை வராதவளை அவர்கள் மறுபடி கூப்பிடுவதில்லை என்று மாயெஸ்த்ரோ சொல்லியிருந்தார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு கோடை போதும் என்றிருந்தது.

அம்மா ரோல்ஸ் செய்வார். ஆட்டிறைச்சி ரோல்ஸ், மீன் கட்லட், மரக்கறிப் பற்றீஸ். பலெர்மோத் தமிழர் வீட்டுப் பிறந்தநாள் மேசைகளில் அம்மாவின் ரோல்ஸ் இல்லாத மேசை குறைவு. “சனி ஞாயிறிலை ஓடர் எடுப்பம், அந்தக் காசு முழுக்க உனக்கு” என்றார். எங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குறூப்பில் ஒரு செய்தி போடச் சொன்னார். எனக்குத் தமிழில் தட்ட நேரமெடுக்கும். ஆங்கிலத்தில் எழுதினேன். என்னை ஒரு டிரம் கோரில் எடுத்திருக்கிறார்கள், ஒரு பருவம் வாசிக்கக் காசு சேர்க்கிறோம், ரோல்ஸ் வாங்கி உதவுங்கள், அவ்வளவுதான் செய்தி.

சங்கத்துச் செயலாளர் ஊரில் ஆங்கில ரியூசன் கொடுத்தவர். பலெர்மோவில், புதிய நகரப் பக்கத்தில், பணக்காரர் இருக்கும் ஒரு கட்டடத்தின் வாசலில் காவலுக்கு இருக்கிறார். ஆனால் அவருடைய ஆங்கிலம் இன்னும் ரியூசன் வாத்தியாரின் ஆங்கிலம்தான். யார் குறூப்பில் என்ன எழுதினாலும் சிவப்புப் பேனையோடு வந்துவிடுவார். மரண அறிவித்தலில்கூட எழுத்துப்பிழை பார்த்துத் திருத்திய மனிதர். நாங்கள் இளையவர்கள் எல்லோரும் அவரை மாமா என்று கூப்பிடுவோம். பழைய நகரத்தில் குடியிருக்கும் எங்களை அவருக்குப் பிடிக்காது. வுச்சீரியாப் பக்கம் வந்தால் வீட்டுக்குப் போய்க் குளிக்கவேண்டும் என்று ஒருமுறை சொன்னாராம்.

என் செய்திக்குக் கீழே அவருடைய குரல் வந்தது.

“பிள்ளை ஒரு எழுத்துப்பிழை விட்டிட்டா. சி, ஓ, ஆர், பி, எஸ் எண்டு எழுதியிருக்கிறா. கடைசியிலை ஒரு ஈ விடுபட்டுப் போச்சு. கோர்ப்ஸ். கோர்ப்ஸ் எண்டால் பிரேதம். அதாவது பிரேதத்துக்கு மேளம் அடிக்கிற கூட்டம். எங்கட ஊரிலை அதுக்கு என்ன பேர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.” சொல்லத் தேவையில்லை என்றவர் மூச்சு எடுத்துவிட்டுச் சொன்னார். “பறை. எங்கட பிள்ளையள் இஞ்சை வந்து பறை அடிக்கிறதுக்கு நாங்கள் காசு சேர்த்துக் குடுக்கிறதோ? எல்லாரும் ஒருக்கா யோசியுங்கோ.”

கோர் என்பது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அணி, படை என்று பொருள். எழுதும்போது கடைசியில் இருக்கும் பி-யும் எஸ்-உம் வாயில் வராது. பிழையே இல்லாத இடத்தில் ஒரு ஈயை ஒட்டி, அந்த மனிதர் என் அணியைச் சாகடித்துவிட்டார். நான் விளக்கம் எழுதினேன். அணியின் வீடியோவையும் போட்டேன். அவர் திரும்பவும் எழுதினார். பிரெஞ்சுக்காரர் அப்படி உச்சரிப்பார்கள், கருத்து ஒன்றுதானாம். அதற்கு நாலைந்து பேர் கும்பிடுகிற கை போட்டார்கள்.

மறுநாள் ஒரு அன்ரி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதற்கு ரோல்ஸ் ஓடர் தந்திருந்தவர். “நல்ல காரியம் நடக்கிற வீடு தங்கச்சி, குறை நினையாதையுங்கோ” என்றார். பிறகு இன்னொருவர் எடுத்தார். பிறகு எவரும் எடுக்கவில்லை, சும்மா வராமல் விட்டார்கள். பிறிட்ஜின் மேல்தட்டு முழுக்க ரோல்ஸ். அதைக் காலையும் மாலையும் நாங்களே தின்றோம். அப்பா தோட்டத்துக்கும் கொண்டுபோய்ச் சிசிலிக்காரருக்குக் கொடுத்தார். அவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஆங்கிலமும் தெரியாது, எங்கள் ஊர்ச் சாதியும் தெரியாது.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஒருத்தி அம்மாவிடம், “மகள் இப்ப எந்தச் செத்தவீட்டுக்குப் போறா?” என்று கேட்டாளாம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். சொன்னார். சொல்லிவிட்டு, “விடு” என்றார். அதன் பிறகு அவர் பல வெள்ளிக்கிழமைகள் கோயிலுக்குப் போகவில்லை. கால் நோகுது என்று சொன்னார். இரண்டு வீடுகளின் மாடிப்படிகளை முழங்காலில் நின்று துடைக்கும்போது நோகாத கால்.

என்னைப் பறை என்று சொன்னதையல்ல, அந்தக் கால்நோவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து கறுவத் தொடங்கினேன்.

காசை வேறு வழியில் தேடினேன். சனிக்கிழமைகளில் அப்பாவோடு சியாகுல்லிக்குப் போனேன். அங்கே பழம் பிந்தித்தான் பழுக்கும், மாசி பங்குனியிலும் மரங்களில் தொங்கும். கையால் இழுத்துப் பிடுங்கக் கூடாது, தோல் கிழிந்துவிடும். சிறிய கத்தரிக்கோலால் காம்போடும் இலையோடும் வெட்டவேண்டும். ஒவ்வொரு காம்பாக நறுக்கும்போது நான் செயலாளர் மாமாவை நினைத்துக்கொள்வேன். வேலை வேகமாக நடந்தது. தோட்டக்காரர் அப்பாவிடம் என்னைப் புகழ்ந்து சொன்னார்.

ஞாயிறுகளில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்த ஒரு உணவகத்தில் மட்டி தேய்த்தேன். மூட்டை மூட்டையாக வரும். ஓட்டில் ஒட்டியிருக்கும் பாசியையும் நாரையும் கத்தியால் சுரண்டவேண்டும். தண்ணீர் குளிரில் விரல்கள் விறைத்துவிடும். குச்சியைப் பிடிக்கவேண்டிய விரல்கள் அவை. வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருப்பேன். இப்படியே இரண்டு தவணை கட்டிவிட்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை மாயெஸ்த்ரோ என்னைக் கூப்பிட்டார். எங்கள் பழைய நகரத்தில் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் ஒரு பக்திச் சபை உண்டு. பெரிய வெள்ளியன்று செத்துக் கிடக்கும் கிறிஸ்துவின் சிலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். பின்னால் கறுப்பு உடுத்திய மாதா சிலை வரும். முன்னால் மேளம் போகும். ஒரு சபையின் மேளக்காரருக்குக் கை முறிந்துவிட்டது. நீ அடிக்கிறாயா, காசு தருவார்கள் என்று கேட்டார். ஓம் என்றேன்.

எங்கள் ஸ்னேர் மேளத்தின் அடித்தோலில் கம்பிச் சரங்கள் இருக்கும். அவை உரசுவதால்தான் மேளம் பொரிந்து கலகலக்கும். பெரிய வெள்ளிக்கு அந்தக் கம்பிகளை பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்பைத் தட்டித் தளர்த்திவிடுவார்கள். அப்போது கலகலப்புச் செத்துப்போய், வெறும் தோலின் சத்தம் மட்டும் வரும். தம். நீளமாக ஒரு இடைவெளி. தம். பிறகு தம்-தரதம். பெட்டி தூக்குபவர்கள் அந்த அடிக்குத்தான் இடமும் வலமுமாக ஆடி ஆடி ஒவ்வொரு காலாக வைப்பார்கள். அந்த அடியைக் கேட்டால் கடைக்காரர் விளக்கை அணைப்பார். கிழவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். பழைய நகரத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும், தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஊர்வலத்தைப் பார்க்க எங்கள் சனமும் தெருவோரத்தில் நிற்கும். சைவச் சனம்தான், ஆனால் கும்பிடும். நாய்க்குட்டியைக் கண்டாலும் கும்பிடுகிற கைகள் எங்களுடையவை.

அன்று அடித்துக்கொண்டு போகும்போது எனக்கே சிரிப்பு வந்தது. மாமா சொன்னது நடந்துவிட்டது, நான் பிரேதத்துக்கு மேளம் அடிக்கிறேன். அவர் மட்டும் அதைப் பார்க்க வரவில்லை. அந்தத் தெருக்களுக்குள் அவர் அதுவரை ஒருநாளும் வந்ததில்லை.

அந்தக் காசோடு சேர்த்தும் கடைசித் தவணைக்குப் பெரிய துண்டு விழுந்தது. மண்டரின் காலம் முடிந்துவிட்டது. உணவகத்தில் முன்பணம் கேட்டேன், இல்லை என்றார்கள். வைகாசியின் கடைசி ஞாயிறும் நெருங்கிவிட்டது. திங்கட்கிழமை கட்டவேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் செயலாளர் மாமா. அத்தனை படியும் ஏறியதால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மறுநாள் அவருடைய மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, ஸ்ஃபெர்ராகவால்லோவில் மண்டபம். அது எங்களுக்கும் தெரியும், அழைப்பு எல்லோருக்கும் வந்திருந்தது. நாதஸ்வரமும் தவிலும் சுவிஸிலிருந்து வருவதாக இருந்தது. மலிவு பார்த்து அவர் அவர்களுக்கு கத்தானியா விமான நிலையத்துக்கு டிக்கெற் போட்டிருக்கிறார். எட்னா மலை சாம்பல் கக்கி விமானம் நின்றுவிட்டது. அந்த மலையில் எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். மாமா என்னைப் பார்க்காமல் அம்மாவோடு கதைத்தார்.

“தங்கச்சி, பிள்ளையை மண்டபத்துக்குள்ள கூட்டிக்கொண்டு வரேக்கை ஒரு மேளச் சத்தம் வேணும். சீடி போட்டால் சனம் சிரிக்கும். உங்கட மகளின்ரை… அந்த… வாத்தியம் இருக்கெல்லோ.”

“எது அண்ணை? பறையோ?” என்றார் அம்மா.

அம்மா இப்படியும் கதைப்பார் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அது ஏதோ விளங்காமல் நடந்த ஒரு கதை.”

“குறூப்பிலைதானே சொன்னனீங்கள். குறூப்பிலையே மாத்திச் சொல்லுங்கோ. பிறகு மிச்சம் கதைப்பம்.”

அந்த இடத்திலேயே இருந்து கைபேசியில் எழுதினார். எழுதி முடித்து எங்களுக்கு வாசித்தும் காட்டினார். “திருத்தம். எமது உறுப்பினரின் மகள் பயில்வது பறை அன்று. ஐரோப்பாவின் உயர்குடிப் பிள்ளைகள் பயிலும் உயர்தர இசையாகும். ஓர் எழுத்துப்பிழையால் ஏற்பட்ட மயக்கத்துக்கு வருந்துகிறோம்.”

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. எனக்கோ கோபம் உச்சியில் ஏறியது. எழுத்துப்பிழை யாருடையது என்று அவர் எழுதவில்லை. வாசிக்கிற எல்லோரும் என்னுடையது என்றுதான் நினைப்பார்கள். அதைவிட மோசம், பறை அடிக்கிற சனத்தை இன்னும் ஒரு மிதி மிதித்து, அந்த உயரத்தில் என்னை ஏற்றிவிட்டிருந்தார். மன்னிப்பு என்ற பெயரில் முதல் சொன்னதையே உறுதிப்படுத்தினார். இந்த மனிதரை இப்படியே விடக்கூடாது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். எப்படி என்று இன்னும் தெரியாது.

எவ்வளவு என்று கேட்டார். எனக்கு எவ்வளவு துண்டு விழுகிறதோ அவ்வளவையும் சொன்னேன். “நீ எங்கட பிள்ளையெல்லோ” என்றார். “ஓம் மாமா” என்றேன், ஒரு சதமும் குறைக்கவில்லை. பிறகு அவருக்கே ஒரு எண்ணம் வந்தது. காசை அங்கே, மண்டபத்தில், தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, பொன்னாடையும் போர்த்தித் தருவாராம். மண்டபத்துக் கடைசியிலிருந்து மேடைவரை தட்டத்தோடு நடந்து வருவாராம். அப்போது நான் மேளம் வாசிக்கவேண்டும். வீடியோவில் நன்றாக இருக்கும், கலைஞரைக் கௌரவித்ததாகவும் இருக்கும் என்றார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனக்கான ஊர்வலத்தைத் தானே ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்.

ஞாயிறு காலை பஸ்ஸில் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் அம்மா, பட்டுச் சேலையில். என்ன செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவார். நடந்து வரும்போது மாமாவுக்கு விளங்கிவிட்டால் தட்டத்தோடு திரும்பிப் போய்விடுவார். காசு போய்விடும். மறுநாள் என் இடமும் போய்விடும். நாலு மாதமாக மட்டி தேய்த்ததும் காம்பு வெட்டியதும் ஒன்றுமில்லாமல் போகும். பஸ் கடலோரம் இறங்கும்வரை செய், செய்யாதே என்று எனக்குள் அடிபட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் குசினிக் கதிரையில் கோட்டோடு இருந்த அம்மாதான் கண்ணுக்குள் வந்தார். இடம் போனால் போகட்டும் என்று இறங்கினேன்.

மண்டபம் நான் மட்டி தேய்த்த அதே உணவகத்தின் மேல்மாடி. வாசலில் கும்பம், குத்துவிளக்கு, வாழை மரம். ரோல்ஸ் வேறு எவரோ செய்தது, உள்ளே முழுக்கக் கிழங்கு. மாமாவின் மகள் அலங்கரித்த காரில் வந்து இறங்கினாள். பூ வைத்த தலையைத் திருப்பக்கூட முடியாமல் நின்றாள். அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவளுக்காக நான் வாசித்தேன், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வாசித்தேன். கம்பிகளை இறுக்கி, பொரிகிற அடியில் தொடங்கி, வேகம் ஏற்றி, குச்சியைச் சுழற்றிப் பிடித்தேன். அவள் பயம் போய்ச் சிரித்தாள். தோழிப் பெண்கள் கைதட்டினார்கள். பிள்ளை மேடையில் ஏறும்வரை என் கைகள் ஓயவில்லை. சுவிஸ் கோஷ்டி வந்திருந்தாலும் அதற்கு மேல் செய்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆராத்தி எடுத்து, படம் பிடித்து, கேக் வெட்டி முடிந்தது. பிறகு அறிவிப்பாளர் மைக்கில், “அடுத்ததாக எங்கள் செயலாளர் அவர்கள் இளங்கலைஞரைக் கௌரவிக்க, இசை முழங்க வருகை தருகிறார்” என்றார். மண்டபத்தின் கடைசியில் மாமா தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். வீடியோக்காரர் அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடக்கத் தயாரானார்.

நான் நெம்பைத் தட்டிக் கம்பிகளைத் தளர்த்தினேன்.

தம்.

மாமா ஒரு கால் வைத்தார்.

தம். தம்-தரதம்.

முதலில் பிள்ளைகளின் மேசையில் சத்தம் நின்றது. ஒரு பெடியன் கதிரையின் இரும்புக் காலைக் கையால் பிடித்தான். சாவை நினைத்தால் இரும்பைத் தொடுவது சிசிலிக்காரர் பழக்கம், அவனுக்கும் ஒட்டிவிட்டது. இறால் கொண்டுவந்த பரிசாரகர், என்னோடு வேலை செய்யும் மனிதர், நடுவழியில் நின்று, தட்டத்தை ஒரு மேசையில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டார். பழைய நகரத்து வீடுகளில் வேலைசெய்யும் அன்ரிமார் ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தினார்கள். அம்மாவின் ரோல்ஸை வேண்டாம் என்ற அன்ரியின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது? வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

மாமாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. சனம் அமைதியானது தனக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பாதி வழியில் என் அடிக்கு ஏற்றபடி காலை வைக்கத் தொடங்கினார். இடமும் வலமுமாகக் கொஞ்சம் ஆடினார்கூட. பெட்டி தூக்குபவர்களும் இவ்வளவு ஒழுங்காக ஆடுவதில்லை. நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தம்முக்கும் அவரை ஒரு அடி நடக்கவைத்து, மண்டபம் முழுவதும் கூட்டிக்கொண்டு வந்து, என் முன்னால் நிறுத்தினேன்.

பொன்னாடை போர்த்தினார். தட்டத்தைத் தந்தார். வெற்றிலைக்கு மேல் காசு இருந்தது, குறையாமல் இருந்தது. “உயர்தர இசை” என்று மைக்கில் சொன்னார். நான் குனிந்து கும்பிட்டேன்.

அம்மாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்து எனக்குத் திக்கென்றது. வீடு திரும்பும் பஸ்ஸில் மேளத்தைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு, “அந்தாளுக்கு விளங்கியிருந்தால்?” என்றார்.

“காசு போயிருக்கும்.”

“உன்ரை இடமும்.”

“ஓம் அம்மா.”

“விசரி” என்றார். யன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. “ஆடி ஆடி வேறை வந்தவர்” என்று சொல்லிவிட்டு, கண்ணீர் வர, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு கோடை என்ன, இரண்டு கோடையைக் கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை காசு கட்டினேன். என் இடம் எனக்கே என்று பதில் வந்தது. புதன்கிழமை, நாப்போலிக் கப்பலுக்காக உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமா தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, வீடியோக்காரன் ஒரு கதை சொல்லுறான். நான் தட்டத்தோட வரேக்கை நீ என்ன அடிச்சனீ?”

“பெரிய வெள்ளிக்கு அடிக்கிறது மாமா.”

“அது… அது பிரேதத்துக்கு அடிக்கிறதெல்லோ?”

“ஓம் மாமா. நான் பிரேதத்துக்கு அடிக்கிறனான் எண்டு நீங்கள்தானே குறூப்பிலை எல்லாருக்கும் சொன்னனீங்கள்.”

நான் ஒரு சப்பாத்தைப் பழைய பேப்பரில் சுற்றிப் பையின் ஓரத்தில் வைத்தேன்.

“அண்டைக்கு அந்த மேளத்துக்கு நடந்து வந்தது நீங்கள்தான் மாமா” என்றேன்.